கங்கம்மாவுக்கு எங்கள் வீட்டுச் சேலை

எங்கள் ஊர் ஆற்றுக்கு வருஷத்துக்கு ஒரு சேலை. ஊருக்கே ஒன்றுதான், வீட்டுக்கு ஒன்று இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் எதற்காக இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று யாருக்கும் விளங்காது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தபோது சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவள்தான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஒரு பக்கம், கிடைக்காவிட்டால் இல்லை. என் பேச்சை அப்படியே எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் பேஜாராக இருக்கும் என்று அவளே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். ஊர்க்காரிகள் பேசினதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தினால் அவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி; அங்கிருந்து கவரைப்பேட்டைக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. ஆறு என்றால் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மாசம் மணலும் வேலிகாத்தான் முள்ளும்தான். மாடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, ஆந்திராப் பக்கம் அணையைத் திறந்தால்தான் தண்ணீர். ஒரே நாளில் வந்துவிடும். காலையில் மணலாக இருந்த இடம் மத்தியானம் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போகும். வருகிற தண்ணீரை நாங்கள் ஆறு என்று சொல்ல மாட்டோம். கங்கம்மா என்போம். "கங்கம்மா வந்துட்டா" என்றுதான் தெருவில் கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

வந்த அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், அவளுக்குச் சேலை விட வேண்டும். அவ்வளவு தூரம் மண்ணையும் சேற்றையும் பூசிக்கொண்டு வந்தவளுக்கு மாற்றிக் கட்டத் துணி வேண்டாமா? மஞ்சள் சேலை, அரக்குக் கரை. நூல் சேலைதான், நைலக்ஸ் கூடாது. நைலக்ஸ் சட்டம் நடுவில் வந்தது. கீழே தடுப்பணை ஷட்டரில் ஒரு வருஷம் சேலை சிக்கிக்கொண்டு, அங்கே வேலை செய்கிறவர்கள் ஊருக்கே வந்து சத்தம் போட்டார்கள். நூலாக இருந்தால் கிழிந்தாவது போகும், கங்கம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

சேலை விடுவது வீட்டு முறைப்படி. வடக்குத் தெரு மூலை வீட்டில் தொடங்கி, தெற்குத் தெரு கடைசி வீட்டில் முடியும். நாற்பத்திரண்டு வீடு. அண்ணன் தம்பி பிரிந்து தனித்தனியாகச் சமைத்தாலும் முறை ஒன்றுதான். இதற்காக ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சர்ச்சுக்குப் போகிற வீடுகளும் நாலைந்து உண்டு. அவர்கள் முறை வந்தால் சேலை விட மாட்டார்கள், அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஆற்றங்கரையில் எல்லோருக்கும் டீ அவர்கள் செலவு.

ஆறு வராத வருஷம் சேலை கிடையாது. முறை அதே வீட்டில் நிற்கும். இன்னொன்றும் உண்டு. சேலை தண்ணீரில் விரிய வேண்டும். விரிந்தால் கங்கம்மா கட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். சுருண்டபடியே போனால் கட்டிக்கொள்ளவில்லை. அப்போதும் முறை அதே வீட்டில் நிற்கும், ஆனால் அந்த வீட்டுப் பெண் வருஷம் முழுக்கத் தலைகுனிந்து நடக்க வேண்டும். "இன்னாம்மே, உங்க ஊட்டுச் சேல அவளுக்குப் புடிக்கலியாமே" என்று குழாயடியில் கேட்பார்கள்.

நான் கடம்பத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் தண்டவாளம். ரயிலைப் பார்த்து நேரம் சொல்லத் தெரியும், ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி வந்த அந்தக் கார்த்திகையில்தான் முதன்முதலில் கங்கம்மாவைப் பார்த்தேன். வடக்குத் தெருவில் ஒரு வீட்டு முறை. என்னைவிட இரண்டு வயது பெரியவளாக ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு உதறி விட்டாள். அந்த மஞ்சள் செம்மண் தண்ணீர் மேலே விரிந்ததே, அது ஒரு விரிவு! யாரோ உள்ளேயிருந்து கை நீட்டி வாங்கி உடுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போய்ப் புரண்டு, கரை மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் தெரியாமல் போனது. என் கண்ணிலிருந்து அது இன்றுவரை போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நம்ம ஊட்டுக்கு முற எப்போ வரும்?"

அவர் வாசலில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். விரலை மடக்கி எண்ணினார். மடக்கினார், மடக்கினார், விரல் தீர்ந்து மறுபடியும் முதலிலிருந்து மடக்கினார்.

"இன்னும் முப்பது ஊடு இருக்குது. ஆறு ஒழுங்கா வந்தா முப்பது வருஷம்."

"முப்பது வருஷமா!"

"இன்னா அவசரம்? பஸ்ஸா புடிக்கப் போற?"

சிரிக்கிற ஆள் அவர். கூலிக்கு நடவு வேலைக்குப் போவோம், அவர் வரப்பில் நின்று ஏதாவது சொல்லுவார், நாற்று நடுகிற பெண்கள் எல்லாம் சிரித்துச் சிரித்து வரிசை கோணலாகிவிடும். நிலத்துக்காரர் வந்து என்னைத்தான் திட்டுவார், "உன் புருசன ஊட்ல கட்டிப்போட்டுட்டு வாம்மா" என்று. பிறகு நடவு குறைந்தது. கம்பெனிகள் வந்தன. அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார், நான் வேறொரு கம்பெனியில் கேன்டீன். எவ்வளவு பெரிய அண்டா தெரியுமா, உள்ளே இறங்கி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். நான் உள்ளே இருப்பது தெரியாமல் மேலேயிருந்து ஒருத்தி தண்ணீர் ஊற்றிவிட்டாள் ஒருநாள். சரி, அந்தக் கதை வேண்டாம்.

வருஷா வருஷம் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பேன். வீடு வீடாக முறை எங்கள் தெருவை நோக்கி வரும். மாமியார் இருக்கிற வீட்டில் மாமியார் விடுவாள், இல்லாத வீட்டில் மருமகள் விடுவாள். தாலி இருக்கிறவள் கைதான் விட வேண்டும். தாலி அறுத்தவள் கரையில் நிற்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. அதை அப்போதெல்லாம் நான் யோசித்ததே இல்லை. என் கழுத்தில்தான் இருந்ததே.

முப்பது வருஷம் என்றது முப்பத்தெட்டு வருஷம் ஆனது. நடுவில் எத்தனை வருஷம் ஆறு வரவில்லை! கடைசியில் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஆடியிலேயே ஆரணிக்குப் போய்ச் சேலை எடுத்துவிட்டேன். கடைக்காரர் இருபது சேலை எடுத்துப் போட்டார். ஒன்றில் மஞ்சள் வெளுப்பு, ஒன்றில் கரை சின்னது. என் வீட்டுக்காரர் பொறுமையிழந்துவிட்டார்.

"கட்டிக்கப் போறது நீயா, கங்கம்மாவா?"

"அவ ஊட்ல கண்ணாடி இருக்காது. நான்தான பாத்து எடுக்கணும்."

கடைக்காரர்கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து பீரோவில் மேல் தட்டில் வைத்தேன். அந்த வருஷம் ஆறு வரவில்லை. மழை வந்தது, அணை நிறையவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை சேலையை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பேன். ஒரே மடிப்பில் இருந்தால் நூல் சேலை அந்த இடத்திலேயே இற்றுப்போகும். மாற்றி மடிக்கும்போது முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து, ஆற்றில் எப்படி உதறுவது என்று பார்த்துக்கொள்வேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார்.  செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே போய், சத்தமாக இருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தப் பங்குனியில் அவர் போய்விட்டார். டூட்டி முடிந்து வந்து, நெஞ்சு அடைக்கிறது என்றார், அவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் நான் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன்.

அடுத்து வந்த கார்த்திகையில் கங்கம்மா வந்தாள். இரண்டு வருஷம் வராதவள், என் கழுத்து வெறுங்கழுத்தான எட்டாம் மாசம் கரை நிறைய வந்தாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! போன வருஷம் வந்திருந்தால் உனக்கு என்ன நஷ்டம் என்று வாசலில் நின்றே கேட்டேன். ஆனால் தண்ணீர் வாசனை காற்றில் வந்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உடம்பு தானாகவே ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இனி சேலை விட வேண்டியது என் மருமகள். அவளும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில்தான், பேக்கிங் பிரிவில். அன்றைக்குக் காலை ஷிப்டு. இருட்டோடு கம்பெனி பஸ் ஏறிப் போனவள், மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அணை திறக்கப் போகிறார்கள் என்று முந்தின நாளே செய்தி வந்துவிட்டதால், தாம்பாளத்தை எல்லாம் அவளே தயார் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மஞ்சள், குங்குமம், கருகமணி, வெற்றிலை, நடுவில் சேலை. நான் அதைத் தொடவில்லை. தொட்டால் மனசு கெட்டுப்போகும் என்று தோன்றியது.

மூன்று மணி ஆனது, நாலு ஆனது. அவள் வரவில்லை. மழையில் ரோட்டில் எங்கேயோ லாரி நின்றுவிட்டதாம், பஸ் நகரவில்லையாம். போன் போட்டால் "வந்துக்கினே இருக்கேன் அத்தே" என்கிறாள், ஹார்ன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் கூடிவிட்டார்கள். வானம் மூடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததா இல்லையா என்று பார்க்கச் சூரியனே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு ஓர்ப்படி முறை, தாம்பாளத்தைக் கையில் வாங்கினாள்.

"உன் மருமவ வர்றதுக்குள்ள இருட்டிடும் போல. நான் உங்க ஊட்டு பேர சொல்லி வுட்டுடறேன்க்கா. இன்னா சொல்ற?"

 முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் பீரோவில் வைத்து மடிப்பு மாற்றின சேலை. இவளா விடுவது? வாயைத் திறந்தேன்.

"நானே வுட்டா இன்னா?" என்று வந்துவிட்டது.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இன்னாக்கா, விளையாடறியா?"

"எட்டு மாசங்கூட ஆவல, வருசம் திரும்பல."

"ஊருக்கு எதனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

ஊரிலேயே மூத்த ஆயா ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் போல வெறுங்கழுத்துதான். அவள் சொன்னாள்:

"இந்தக் கங்கம்மாவே ரெண்டு வருசமா புருசன் ஊடு போயி சேரல. சமுத்தரத்துக்குப் போற வழியிலேயே வத்திப் போறா. அவ சுமங்கலியா, இல்லியா? மொதல்ல அத சொல்லுங்கடி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரித்தார்களே தவிர, ஒருத்திகூடச் சரி என்று சொல்லவில்லை. ஓர்ப்படி தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். "சும்மா கேட்டேன்டி" என்றேன். வேறு என்ன செய்வது?

அப்போது ரோட்டுப் பக்கம் கூச்சல். என் மருமகள் கம்பெனிக் கோட்டோடு ஓடி வருகிறாள். தலையில் வலைத் தொப்பிகூடக் கழற்றவில்லை. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் டிபன் பாக்ஸ்.

"தொப்பிய கயட்டுடி, கங்கம்மா பயந்துடப் போறா!" என்று யாரோ கத்தினார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டே தாம்பாளத்தை வாங்கினாள். என்னைப் பார்த்தாள். "எறங்கட்டுமா அத்தே?" என்றாள். எறங்கு என்றேன். குலவை போட்டார்கள். முழங்கால் வரைக்கும் இறங்கினாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கண்ணை மூடிக்கொண்டு சேலையைத் தூக்கி அப்படியே போட்டுவிட்டாள்.

அது விரியவில்லை.

ஒரு பெட்டி விழுந்த மாதிரி விழுந்தது. கச்சிதமாக மடிப்பு கலையாமல் மிதந்தது. ஏன் தெரியுமா? பேக்கிங் பிரிவுக்காரி இல்லையா, தாம்பாளத்தில் அழகாக நிற்கட்டும் என்று முந்தின ராத்திரி உள்ளே அட்டை வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டிருக்கிறாள். கடையில் தொங்கவிடுகிற மாதிரி. ஓடி வந்த அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாள். (இந்த இடத்தில் எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.)

"ஐயோ, ஊசி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள்.  சேலை ஒரு சுற்று சுற்றி, கரையோரமாகவே பத்தடி கீழே போய், முங்கிக்கிடந்த வேலிகாத்தான் முள்ளில் மாட்டிக்கொண்டது. சரியாக நான் நிற்கிற இடத்துக்கு எதிரே.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன். முதலில் என் மனசில் வந்தது சந்தோஷம். விரியாவிட்டால் முறை எங்கள் வீட்டிலேயே நிற்கும், அடுத்த வருஷமும் எங்கள் முறைதான் என்று. அடுத்த விநாடி, அடுத்த வருஷமும் என் கழுத்து இதே கழுத்துதானே என்று தோன்றியது. அந்தப் பெண்ணை வேறு வருஷம் முழுக்கக் குழாயடியில் கிழிப்பார்கள்.

இறங்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இடது கையால் முள் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். காலில் ஏதோ குத்தியது, கவனிக்கவில்லை. மடிப்புக்குள் விரலை விட்டு ஊசிகளைப் பிடுங்கினேன். அட்டை ஊறிக் கூழாகி வந்தது. முந்தானை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தரம் மடித்தவள் நான்! அதைப் பிடித்துக்கொண்டு ஒரு உதறு உதறினேன்.

விரிந்தது. ஐயோ, விரிந்தது! ஆறு கெஜமும் தண்ணீர் மேலே மஞ்சளாகப் பாய்ந்து போனது. மறுமுனையைக் கங்கம்மா பிடித்துக்கொண்டாள். துவைத்த சேலையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்போமே, அப்படி. அவள் இழுத்தாள். நான் முந்தானையைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். பின்னால் எல்லோரும் கத்துவது கேட்டது.

"வுடுக்கா! வுட்டுடு!"

"அத்தே, கைய எடுங்க அத்தே!"

இடுப்பு வரை தண்ணீர் ஏறி இறங்கியது. எனக்குப் பயமே இல்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது என் கையில் இருந்தது, கனமாக, உயிரோடு இருக்கிற மாதிரி துடித்துக்கொண்டு. பிறகு சுற்றை அவிழ்த்தேன். முந்தானை விரலிலிருந்து போயிற்று. கொஞ்ச தூரம் மஞ்சள் தெரிந்தது. பிறகு தண்ணீர்தான் தெரிந்தது.

கரையேறினதும் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. இது கணக்கில் சேருமா சேராதா, விட்டது யார் என்று. ஆயாதான் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வுட்டது மருமவ. முள்ளுல மாட்னத எடுத்தது மாமியா. சேல விரிஞ்சிச்சி இல்ல? அடுத்தது கடேசி ஊடு. போங்கடி, மழ வருது."

ஓர்ப்படி மட்டும் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "நல்லாத்தான் ஒதறினக்கா" என்றாள். என் தலையைத் தன் முந்தானையால் துவட்டியும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளங்காலில் முள். மருமகள் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஊசியால் நெம்பினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"என்னாலதான அத்தே. இழுத்துக்கினு போயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"போவல இல்ல."

"நாங்க அவ்ளோ கத்தறோம். காதுல விழலியா?"

"விழுந்துச்சி."

"அப்புறம் ஏன் அவ்ளோ நேரம் புட்சிக்கினு நின்னீங்க?"

என்னவெல்லாமோ சொல்லலாம். கால் வழுக்கியது, கை மரத்துப்போனது என்று. அவள் ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுட மனசு வரல" என்றேன். "நீங்க கத்துனதாலதான் வுட்டேன். இல்லாட்டி இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிக்கினு இருந்திருப்பேன்."

அவள் குனிந்து முள்ளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.